அடுப்பில் வைத்த கை

எனக்கு நாக்கில் சனி என்று என் மனைவி சொல்வாள். கல்யாணமான இரண்டாம் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். எதைப் பார்த்தாலும் அதைக் கிண்டல் செய்யாமல் எனக்கு ஆகாது. கிண்டல் செய்துவிட்டுப் பயப்படாமலும் ஆகாது. சிங்கப்பூர் ரயில் பாதையில், லாயாங் லாயாங் ஸ்டேஷனிலிருந்து மூன்று கட்டை, அதாவது மூன்று மைல், உள்ளே இருந்த ரப்பர் தோட்டத்தில் நான் பால் வெட்டிக்கொண்டிருந்தபோது அந்த நாக்கு செய்த காரியத்தை, இத்தனை வருஷமாக என் பிள்ளைகளிடம்கூடச் சொன்னதில்லை.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. தோட்டத்தில் பாதிக்கு மேல் வெட்டை நிறுத்திவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் வேலை, ஐந்து நாள் லயத்து வரிசை வீட்டு வாசலில் உட்கார்ந்து கொசு அடிப்பது. அப்போதுதான் எங்களுக்காக ஒரு நிவாரணக் கமிட்டி பிறந்தது. யார் பெற்றார்கள், எங்கே பெற்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. உள்ளவனிடம் வாங்கி இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான் அதன் கொள்கை என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எங்களை நிறுத்தி வைத்துப் படித்துக் காட்டினார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. உள்ளவன் யார் என்று பார்த்தால், வேலை இருக்கிறவன். வாரத்தில் இரண்டு நாள் அது நான். இல்லாதவன் யார் என்று பார்த்தால், மீதி ஐந்து நாளும் அதுவும் நானேதான். என் இரண்டு நாள் சம்பளத்தில் பிடித்ததை ஐந்து நாள் அரிசியாக எனக்கே திருப்பித் தந்தார்கள். நடுவில் ஒரு மேஜை, ஒரு குடை, ஒரு சைக்கிள், அந்தச் சைக்கிளில் கணக்கெழுத ஒரு கிராணி, அவருக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை. அந்த அரிசி போகிற வழியில் அவர்களுக்கும் சோறு போட்டது.

இல்லாதவன் என்று சும்மா சொன்னால் போதாது, காட்ட வேண்டும். பித்தளைப் பாத்திரம் இருந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். கோழி இருந்தால் சொத்து. என் மனைவி இரண்டு கோழி வளர்த்தாள். கிராணி வருகிற நாளில் அவற்றைக் கூடையால் மூடி, கூடைமேல் கிழிந்த சாக்கைப் போட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்துகொள்வாள். அப்போது அவள் நிறைமாதம். நிறைமாதக்காரியை எழுந்திரு என்று சொல்ல அந்தக் கிராணிக்கும் வாய் வராது.

கோழி வளர்த்தது முட்டைக்காக இல்லை. மூத்தது பிறந்தது மழைக்காலம். விறகெல்லாம் ஈரம். பெற்றவளுக்குச் சுடுதண்ணீர் ஊற்ற முடியவில்லை, சூடாக ஒரு சாறு வைத்துக் கொடுக்கவும் முடியவில்லை. ஐந்தாம் நாள் அவளுக்குச் சன்னி கண்டது. அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. இந்தத் தடவை அடுப்பு அணையக் கூடாது, கோழிச்சாறு இல்லாமல் போகக் கூடாது என்று அவள் ஆறு மாதமாகக் காய்ந்த விறகு சேர்த்து வந்தாள். எனக்கு அந்த வருஷம் முழுக்க இருந்த ஒரே பயம் அந்த அடுப்புதான். மற்றப் பயங்கள் பிறகு வந்து சேர்ந்துகொண்டன.

மாசி மாதம் காமன் பண்டிகை வந்தது. பட்டினி என்று பண்டிகையை விடுவார்களா? லயத்துக்குப் பின்னால் இருந்த காமன் பொட்டலில் கொடிக்கம்பம் நட்டு, ரதி மதன் வேஷம் கட்டி, வழக்கம்போல் லாவணியும் வைத்தார்கள். சிவனுடைய நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை என்று இன்னொரு கட்சி பாடும். டேப் என்கிற சின்னப் பறையைத் தட்டிக்கொண்டு மாறி மாறி மடக்க வேண்டும். நான் எரிந்த கட்சி. அடுத்த வீட்டில் இருந்த என் கூட்டாளி எரியாத கட்சி. இரண்டு பேருக்கும் வெட்ட ஒரே மர நிரை, மேய்க்க ஒரே மண்டோர், ஒரே சுருட்டைப் பாதியாக முறித்துக்கொள்கிற பழக்கம். அவன் மனைவிதான் லயத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். லாவணியில் யாரும் ஜெயிப்பதில்லை, தோற்பதும் இல்லை. விடிந்தால் இரண்டு கட்சியும் ஒன்றாகத்தான் பால் வெட்டப் போக வேண்டும்.

பொழுது சாய்கிற நேரம் என் முறை வந்தது. என்னை மடக்குகிற மாதிரி அவன் ஒரு கேள்வி போட்டான். எரிந்தால் சாம்பல் எங்கே, காட்டு என்றான். கூட்டம் சிரிக்கக் காத்திருந்தது. பதில் தோன்றாதபோது என் நாக்கு தானாக ஓடும். காமனை விட்டுவிட்டு அடுப்புக்குத் தாவினேன்.

"அடுப்பெரிஞ்ச வீட்டுக்கு அரிசி இல்லையாம்,
அணைஞ்சிருக்கும் வீட்டுக்குத்தான் ஆளுக்கொரு படியாம்,
கதவத் தட்டி வாங்க தொரை, கைய உள்ள வையுங்க,
சுட்டாக்கா பணக்காரன், சுடலேன்னா ஏழைங்க."

பொட்டலே அதிர்ந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். என் கூட்டாளி டேப்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நான் இன்னும் இரண்டு தடவை திருப்பிப் பாடி, துரை அடுப்புக்குள் கைவிட்டு விரலைச் சுட்டுக்கொண்டு குதிப்பது போல் ஆடியும் காட்டினேன். ஆடிக்கொண்டே திரும்பியபோதுதான் பார்த்தேன். கூட்டத்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்து வைத்து, கமிட்டிக் கிராணி நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, எழுதிக்கொண்டிருந்தார்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நாளுக்கு முன்னால்தான் குளுவாங் பக்கத்தில் ஏதோ ஒரு தோட்டத்தில் வாய்த்துடுக்காகப் பேசிய ஆள் ஒருவனைப் பிடித்து இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. அவனுடைய மனைவி இங்கேயே கிடந்தாளாம். பாடின நாளிலிருந்து இரண்டு வாரம் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. செம்மண் ரோட்டில் வெள்ளைச் சட்டை தெரிந்தால் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ரோட்டையே பார்த்துக்கொண்டு மரத்தில் கத்தி வைத்ததில் பட்டை ஆழமாகப் போய் மண்டோரிடம் ஏச்சு வாங்கினேன். என்ன ஆச்சு என்று மனைவி கேட்டாள். காய்ச்சல் வருகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன்.

போலீஸ் வரவில்லை. கிராணிதான் வந்தார். நான் தனியாக நிரையில் நின்றபோது சைக்கிளிலிருந்து இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும், குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

"நீர்தானே அண்டைக்குப் பாடினது? உம்மட யோசினையை நான் துரைக்கு எழுதிக் குடுத்தனான். அவருக்கு நல்லாப் பிடிச்சுப் போச்சு."

எனக்குப் புரியவில்லை. அது விளையாட்டுப் பாட்டு ஐயா, காமன் பண்டிகையில் அப்படித்தான் பாடுவோம் என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னேன்.

"பகிடி எண்டு நான் எழுதேல்லை," என்றார் அவர். "கூலியாக்கள் தாங்களாகவே சொன்ன வழி எண்டு எழுதினன். உம்மைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால மெச்ச வேணும் எண்டு துரை சொல்லுறார்."

அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். என் பெயர் வேண்டாம், தயவுசெய்து வேண்டாம் என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். என் தோளைத் தட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார்.

மறுநாள் பெரட்டில் உத்தரவு படித்தார்கள். இனிமேல் பாத்திரம் பார்ப்பதில்லை, சொன்னதைக் கேட்பதில்லை. எந்த நாளிலும் எந்த நேரத்திலும் வந்து அடுப்பில் கைவைத்துப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் அந்த வீட்டில் வசதி இருக்கிறது, அரிசி இல்லை. சில்லிட்டிருந்தால் அரிசி உண்டு. என் பெயரை மட்டும் படிக்கவில்லை. கொடுத்த அரிசியை எதில் பொங்குவது என்று அந்த உத்தரவில் எழுதவில்லை. தலையைக் குனிந்தபடி நின்றேன். அன்றைக்கு என் பாட்டுக்குச் சிரித்த அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. திரும்பி இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு மூச்சு வந்திருக்கும். நான்தான் காரணம் என்று உறுதிப்பட்டால் பிள்ளைப்பேறு பார்க்க யாரும் வர மாட்டார்கள், அவள் தனியாகக் கிடந்து சாவாள் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

வழி கண்டுபிடித்தவன் என் கூட்டாளிதான். காமனை எரித்த பொட்டலில் ஒரு மண்டலத்துக்கு அணையாத் தீ வளர்க்கிறோம், தோட்டத்துக்கு நல்ல காலம் வரவேண்டும் என்று வேண்டுதல், இப்படிச் சொல்லிவிடலாம் என்றான். சாமி தீயில் யார் கைவைப்பார்கள்? கிராணியும் சைவர். பொட்டலுக்கு அருகில் வந்தால் காலில் இருக்கிற சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்று தூரத்திலேயே நின்றுவிடுவார். ஒவ்வொரு வீடும் முறை வைத்து அங்கே பொங்கிக்கொண்டு வந்தது. வீட்டு அடுப்புகளையெல்லாம் மெழுகி, கோலம்கூடப் போட்டுவிட்டார்கள். எரியாத கட்சிக்காரனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எரியாத அடுப்பை வைத்தே அரிசி வாங்கிக் காட்டினான்.

அந்த வாரமே என் மனைவிக்கு வலி எடுத்தது. கூட்டாளியின் மனைவி வந்தாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தண்ணீரைக் காயவை என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஆண் பிள்ளை பிறந்தது.

பிள்ளை பிறந்த வீடு தீட்டு வீடு. நானோ அவளோ பொட்டலை மிதிக்கக் கூடாது, அந்தத் தீயிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையும் எங்கள் வீட்டுக்கு வரக் கூடாது. கூட்டாளி என்னைப் பொட்டல் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்துச் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே முகம் சுண்டிப்போயிற்று. சாமி பெயரைச் சொல்லி வளர்த்த தீ, அதில் தீட்டுக் கலந்தால் லயத்துக்கே ஆகாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்றான். இது எனக்குக் கொடுக்கிற தண்டனை, எல்லாம் தெரிந்துதான் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

ஆக, வரிசை வீடுகளில் எங்கள் வீட்டு அடுப்பு ஒன்றுதான் எரிந்தது. காலையில் சுடுதண்ணீர், மத்தியானம் சுக்கும் மிளகும் போட்ட தண்ணீர். காய்ந்ததும் கட்டையை இழுத்து அணைத்து, ஈரச் சாம்பலை அள்ளிப் பூசுவேன். பூசிய கையை எடுக்காமல் சூடு இருக்கிறதா என்று நானே தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளங்கை கொப்புளித்தது. அடுப்புக்கல் லேசில் ஆறாது. அதற்குப் பாடத் தெரியாது, பொய்யும் சொல்லத் தெரியாது.

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் கிராணி வந்தார். கூடவே கமிட்டித் துரையும் வந்தார். முதல் வீட்டில் ஆரம்பித்தார்கள். துரை கையுறையைக் கழற்றி, குனிந்து, அடுப்புக்குள் கையை வைத்து, எடுத்து, சில்லென்று இருக்கிறது என்பதுபோல் தலையாட்டுவார். கிராணி எழுதிக்கொள்வார். நான் ஆடிக்காட்டிய அதே குனிவு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் வாசலுக்கு வந்தபோது என் மனைவிக்குத் தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வீடெல்லாம் ஆவியும் மஞ்சள் வாசனையும். அவள் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

துரை கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டு விரலை உதறினார்.

பச்சை உடம்புக்காரி வீடு ஐயா, சோறு பொங்கியதில்லை, தண்ணீர்தான் காய்ச்சினோம் என்று சொன்னேன். கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். துரை அதற்கு ஏதோ சொன்னார். விதி என்றால் விதிதானாம். புத்தகத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே வசதி உள்ள வீடு என்று எழுதிக்கொண்டார்கள். என் அப்பனோ பாட்டனோ வாங்காத பட்டம். வசதி உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதானே கொள்கை? கூடைக்குள் கோழி ஒன்று அந்த நேரம் பார்த்துக் கொக்கரித்தது. கூடைமேல் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று. ஒன்றை வீட்டுக்கு விட்டுவிட்டு மற்றொன்றை நிவாரணத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கால்களைக் கட்டிச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கவிட்டார்கள். அந்தக் கோழி எந்த ஏழையின் வயிற்றுக்குப் போயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அரிசி நின்றது. இரண்டு நாள் வேலையும் மரவள்ளிக்கிழங்கும் என்று ஆயிற்று. ஆனால் தினமும் மத்தியானம் எங்கள் வாசல்படியில் ஒரு பீங்கான் மங்குச் சட்டியில் சோறு இருக்கும். தீட்டு வீடு என்று உள்ளே வராமல் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு நாள் ஒரு வீட்டுச் சட்டி, மறுநாள் வேறு வீட்டுச் சட்டி. யாரும் பேசவில்லை. நான் அந்தச் சோற்றைப் பயந்துகொண்டே அள்ளிச் சாப்பிட்டேன். அவள் பயப்படாமல் சாப்பிட்டாள், அவளுக்குப் பால் ஊறியது.

மாதம் முடிந்ததும் பெரட்டில் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தினார்கள். கிராணியின் கையில் நீளமான தாள். நாலு வாரமாக அடுப்பே மூட்டாத குடும்பங்கள் இந்த நாட்டில் பிழைக்க வழியே இல்லாத குடும்பங்கள், அவர்கள் நன்மையை முன்னிட்டுக் கமிட்டி தன் செலவிலேயே அவர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பி வைக்கும் என்று படித்தார். பிறகு பெயர்களைப் படித்தார். வீடு வீடாக வரிசையாக வந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெயர் வந்தது. அடுத்தது என் பெயர். அது வரவில்லை. எங்களைத் தாண்டி மறுபக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அந்த நிமிஷம் எனக்கு வந்தது சந்தோஷம். அதைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்ன மற்றதெல்லாம் பொய்.

என் கூட்டாளி முன்னால் போனான். அவன் மனைவி இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவள். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

"ஐயா, நாங்க அடுப்பு மூட்டாம இல்ல," என்று ஆரம்பித்தான்.

கிராணி பென்சிலை எடுத்தார். அப்படியானால் பொய் சொல்லி அரிசி வாங்கினீர்களா என்று மெதுவாகக் கேட்டார். அது ஜெயிலுக்குப் போகிற விஷயம் என்றும் சொன்னார். மிரட்டுவதாகவே தெரியவில்லை, உண்மையாகவே கவலைப்பட்டார். கூட்டாளி திரும்பித் தன் பிள்ளைகளைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு வரிசைக்குத் திரும்பினான். நாக்கில் சனி இருக்கிறவனுக்கு அன்றைக்குப் பார்த்து நாக்கே இல்லை.

ரயில் புறப்பட்ட அன்று காலை லாயாங் லாயாங் ஸ்டேஷனுக்குப் போனேன். சிங்கப்பூர்ப் பக்கம் போகிற ரயில். மூட்டைகளும் பிள்ளைகளுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தூரத்தில் ஒரு தூண் பக்கம் நின்றேன். யாராவது பார்த்துக் கல்லெடுத்து எறிந்தாலும் சரி என்றுதான் போனேன், ஆனால் தூணை விட்டு வெளியே வரக் காலில்லை. கூட்டாளிதான் ஜன்னலிலிருந்து பார்த்துக் கையாட்டிக் கூப்பிட்டான். பாதிச் சுருட்டை நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

"நான் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு," என்றேன்.

"தெரியும் மச்சான். கிராணி எழுதிக்கிட்டு இருந்தத நாங்களும்தானே பாத்தோம்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வூட்டுக்காரிதான் வீடு வீடாப் போய்ச் சொல்லி வச்சா," என்றான். "புள்ளத்தாச்சி காதுல விழுந்துடக் கூடாது, பயந்துடுவா, யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு. அடுப்ப அணைக்கச் சொன்னவன் நான்தான் மச்சான், நீ இல்ல. புள்ளைய நல்லாப் பாத்துக்க."

உள்ளே அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து, பெற்றவளுக்கு நாற்பது நாள் வரைக்கும் பச்சைத் தண்ணீர் கொடுத்துவிடாதே என்றாள். ரயில் கிளம்பிவிட்டது.

மூன்று கட்டையும் நடந்து வந்தேன். லயம் தெரிகிற வளைவில் நின்றேன். காலைப் பொழுதில் வீட்டுக்கு வீடு புகை எழும்பி நிற்கும் இடம் அது. அன்றைக்கு வரிசையின் நடுவில் ஒரே ஒரு வீட்டுக் கூரையிலிருந்து மட்டும் புகை வந்துகொண்டிருந்தது. என் மனைவி பிள்ளைக்குத் தண்ணீர் காயவைத்திருந்தாள்.